சொல்லிவைத்த பெயர்

எங்கள் ஊர் நகராட்சியின் பிறப்பு இறப்பு விவரங்கள் பழைய கம்ப்யூட்டரிலிருந்து புது இணையதளத்துக்குக் குடிபெயர்ந்த அன்று, வாசலில் வாழைமரம் கட்டி, மேளம் கொட்டி, நகர்மன்றத் தலைவர் ரிப்பனை வெட்டி, சுற்றி நின்றவர்கள் கைதட்டி முடித்த அந்த நேரத்தில், இந்த ஊரில் பிறந்த அத்தனை பேருடைய பெயரும் வாய்க்கு வராமல் போய்விட்டது. முதலில் போனது தலைவருடைய பெயர்தான். மைக் பிடித்தவர் "வாரி வழங்கும் வள்ளல், ஏழைகளின் தோழர், எங்கள் அண்ணன்" என்று இழுத்துக்கொண்டே போய், பெயர் வரவேண்டிய இடத்தில், ரேடியோவில் ஸ்டேஷன் கிடைக்காதபோது வருமே, அந்தக் கரகரப்பை வாயால் விட்டார். தலைவர் அதையும் ஒரு புதுப் பட்டம் என்று நினைத்துக் கும்பிடு போட்டார். கூட்டம் விசிலடித்தது.

பழைய கம்ப்யூட்டரை அதே மேடையில், உள்ளே இருந்ததையெல்லாம் சுத்தமாகத் துடைத்துவிட்டு, பொன்னாடை போர்த்தி, ஒரு பள்ளிக்கூடத்துக்கு அன்பளிப்பாகக் கொடுத்துப் போட்டோவும் எடுத்துக்கொண்டார்கள். எங்கள் ஊரில் எதைச் செய்தாலும் அது போட்டோவுக்கு ஒத்துவர வேண்டும்.

பெயர் மறந்துபோகவில்லை, அதுதான் இதில் கொடுமை. அவரவர் பெயர் அவரவர் நெஞ்சுக்குள் முழுசாக இருந்தது, தொண்டை வரை ஒழுங்காக ஏறி வந்தது, தொண்டையைத் தாண்டும்போதுதான் மீன்முள்ளாக மாட்டிக்கொண்டது. எழுதப் போனால் கை தானாக வேறெதையோ எழுதியது: தலையில் கீற்று வைத்த ஓர் அயல் எழுத்து, அதற்குப் பக்கத்தில் வட்டத்துக்குள் அடைபட்ட இன்னொன்று, பிறகு ஒரு புள்ளி, மறுபடியும் தலையில் கீற்று வைத்த அதே எழுத்து. ரேஷன் கார்டில் அப்படித்தான் இருந்தது, கல்யாண ஆல்பத்தின் அட்டையில் அப்படித்தான் இருந்தது, சீர்வரிசையில் வந்த எவர்சில்வர் குடத்தின் கழுத்தில் வெட்டியிருந்த பெயரும் ராத்திரியோடு ராத்திரியாக அப்படித்தான் மாறியிருந்தது.

இரண்டு நாள் ஊர் பதறியது, மூன்றாம் நாள் பழகிக்கொண்டது. எங்கள் ஊருக்குப் பழகிக்கொள்வதைப் போலச் சுலபமான காரியம் வேறில்லை. கோயிலில் குருக்கள் பேர் நட்சத்திரம் கேட்டால், எல்லோரும் "சாமி பேருக்கே பண்ணிருங்க" என்றார்கள்; அம்மனுக்கு அம்மன் பெயரிலேயே காலையிலிருந்து அர்ச்சனை நடந்ததில், ஊரின் புண்ணியம் எல்லாம் அவளிடமே திரும்பிப் போனது. பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவை ஜன்னலோரம், தூணோரம் என்று எடுத்தார்கள். இரங்கல் பேனர் அடிக்கிறவர் போட்டோவைப் பெரிதாக்கிப் பெயரைச் சின்னதாக்கினார். காலம்பூராவும் புருஷன் பெயரை வாயால் சொல்லாத பெண்கள், "எங்களுக்கு என்ன வந்துச்சு, நாங்க எப்பவும்போல 'ஏங்க'ன்னுதான் கூப்பிடுவோம்" என்று சிரித்துக்கொண்டு போனார்கள். வெளியூரிலிருந்து வாழ வந்த மருமகள்களுக்கு மட்டும் பெயர் பத்திரமாக இருந்தது, ஏனென்றால் அவர்கள் பிறந்தது வேறெங்கோ, பதிந்தது வேறெங்கோ. வீட்டில் பெயர் சொல்லிக் கூப்பிடக்கூடிய ஒரே ஆள் மருமகள்தான் என்று ஆனபோது, மாமியார்கள் வேலை சொல்வதற்கு அவள் பெயரையே கூப்பிட்டுக் கூப்பிட்டு, அந்தப் பெயர்களும் தேய்ந்துபோகும் அளவுக்கு ஆயிற்று.

மற்றவர்களுக்கு ஊர் புதுப் பெயர் கண்டுபிடித்தது. மஞ்சள் கேட், இரட்டைச் சுழி, மூலை பம்பு, பச்சை ஹெல்மெட். கூப்பிட்டால் திரும்பிப் பார்த்தால் போதும், அதற்குமேல் பெயரிடம் யாருக்கு என்ன வேலை? ஆனால் கீழத்தெருவில் கதை வேறு. அந்தத் தெருக்காரர்கள் இரண்டு தலைமுறையாகத்தான் தங்கள் பிள்ளைகளுக்கு ஆசை ஆசையாக ராஜா பெயரும் புலவர் பெயரும் வைத்துப் படிக்கவைத்திருந்தார்கள். பெயர் போன மறுநாளே மேலத்தெருக்காரர்களின் வாயில், இத்தனை வருஷம் அடக்கிவைத்திருந்த "ஏய்" பளிச்சென்று வந்து உட்கார்ந்துகொண்டது. கேட்டால், "வேற எப்படிக் கூப்பிட, பேருதான் இல்லையே" என்றார்கள். அந்த ஒரு சமாதானத்துக்காகவே பெயர் திரும்பி வராமல் இருந்தால் நல்லது என்று நினைத்தவர்கள் எங்கள் ஊரில் இருந்தார்கள், இப்போதும் இருக்கிறார்கள்.

இதில் ஒருத்தி மட்டும் பழகிக்கொள்ளவில்லை. செண்பகவல்லி கடற்கரை ஊரிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள், வீட்டிலேயே ஜாக்கெட் தைக்கிறவள், லாரி ஓட்டும் புருஷன் பாதி வருஷம் வடக்கே கிடப்பான். அவளுக்கு ஒரே மகள். பள்ளிக்கூடத்தில் சேர்க்கச் சீருடைக்கு அளவெடுத்திருந்த சமயத்தில் விஷக்காய்ச்சல் வந்து போய்விட்டாள். அந்தப் பிள்ளைக்கு வைத்த பெயரைச் செண்பகவல்லி தனக்குக் கல்யாணம் ஆவதற்கு முன்பே மனதுக்குள் முடிவுசெய்து வைத்திருந்தாளாம். இவ்வளவு நீளமா என்று மாமியார் முகத்தைச் சுளித்தாள், புருஷனும் தெருவும் பாப்பா என்றே கூப்பிட்டுத் தீர்த்தார்கள். ஆக அந்தப் பெயர் உலகத்தில் இரண்டே இடத்தில்தான் இருந்தது. ஒன்று நகராட்சியில், இன்னொன்று அவள் வாயில்.

தினமும் காலையில் கதவைத் திறந்ததும் அவள் அந்தப் பெயரை ஒரு தடவை, சாப்பிடக் கூப்பிடுவதுபோலச் சத்தமாகக் கூப்பிடுவாள். அவ்வளவுதான், பிறகு தண்ணீர் தெளிக்கப் போய்விடுவாள். முதலில் தெரு பயந்தது, பிறகு பாவப்பட்டது, கடைசியில் பால்காரர் மணியைப் போல அதையும் காதில் வாங்காமல் இருக்கக் கற்றுக்கொண்டது. அந்தக் குரல் கரகரப்பாக மாறிய அன்றும் தெருவுக்கு ஒன்றும் தெரியவில்லை. அவளுக்குத் தெரிந்தது. பிள்ளையை இரண்டாம் தடவை தூக்கிக்கொண்டு போகிறார்கள் என்று வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"உசுரோட இருக்கறவங்க மஞ்ச கேட்டுன்னு கூப்பிட்டாலும் திரும்பிப் பாத்துருவாங்க," என்று அவள் பக்கத்து வீட்டில் சொன்னாள். "எம் பிள்ளையை நான் வேற என்ன சொல்லிக் கூப்பிட? அவளுக்கு எப்படித் தெரியும், அவளைத்தான் கூப்பிடுறேன்னு?"

பக்கத்து வீட்டுக்காரி காபி போட்டுக் கொடுத்தாள்.

கொஞ்ச நாளில் இணையதளம் செய்த கம்பெனியிலிருந்து ஜெனிட்டா என்ற பெண் வந்து இறங்கினாள். சின்னப் பெண், லாட்ஜில் தங்கி, பிறப்பு இறப்புப் பிரிவில் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு, நாளெல்லாம் திரையைப் பார்த்துக்கொண்டே தயிர்சாதம் சாப்பிடுவாள். செண்பகவல்லி தைக்க வந்த துணிகளை அப்படியே மூட்டைகட்டி வைத்துவிட்டு அவளைப் போய்ப் பார்த்தாள்.

"எழுத்து ஒண்ணும் செத்துப்போகலக்கா," என்றாள் ஜெனிட்டா. "உள்ள இருக்கறது தமிழ்தான். அதைத் தமிழ்னு நினைக்காம, வேற பாஷைன்னு நினைச்சு இது வாசிக்குது. அதான் இப்படிக் கிறுக்கலா வருது. எப்படித் தப்பா வாசிச்சுச்சோ அதே வழியில பின்னால நடந்து போனா, பேரு திரும்பக் கிடைச்சுரும்."

"எல்லாருக்குமா?"

"கிறுக்கலா இருக்கற வரைக்கும் எல்லாருக்கும். கேள்விக்குறியா மாறிட்டா மட்டும் முடியாது. இந்தப் புதுப் பக்கம் இருக்குல்ல, இதுல புதுசா தமிழ் அடிச்சா ஒழுங்கா ஏறும். ஆனா பழசைத் திறந்து சேமிச்சீங்கன்னா, தனக்குப் புரியாத எழுத்தையெல்லாம் கேள்விக்குறி ஆக்கி அது மேலேயே எழுதிரும். அப்புறம் அடியில ஒண்ணுமே இருக்காது. அதான் நான் முடிக்கற வரை யாரும் எதையும் திறந்து சேமிக்காதீங்கன்னு கமிஷனர்கிட்ட எழுதிக் கொடுத்திருக்கேன்."

ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள்ளத்தான் அவள் முதலில் அனுமதி கேட்டாள். ஊர் மக்களின் அந்தரங்க விவரம் வெளியே போகக் கூடாது, அதன் பாதுகாப்பு எங்களுக்கு முக்கியம் என்று கமிஷனர் மறுத்துவிட்டார். அதனால் அவள் அசலிலேயே, வெந்நீரில் கைவிடுகிறவளைப் போலப் பயந்து பயந்து வேலை பார்த்தாள்.

செண்பகவல்லி கேட்டுக்கொண்டதால் ஜெனிட்டா அவள் மகளின் பதிவைக் காட்டினாள். திறக்காமல், எட்டி நின்று பார்ப்பதுபோல ஒரு வரியாகக் காட்டினாள். கிறுக்கல்தான், நீளமான கிறுக்கல். ஒரு கேள்விக்குறிகூட இல்லை. செண்பகவல்லி திரையை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"இது ரெண்டு தடவை மாறியிருக்குக்கா. பிறப்பை இந்தப் புதுசுல ஏத்தறப்போ ஒரு தடவை, இறப்பை அதோட சேக்கறப்போ இன்னொரு தடவை. ஒரு தடவை மாறினதை முதல்ல முடிக்கணும், ரெண்டையும் கலந்துட்டா இன்னும் குழம்பிரும். உங்க பாப்பாவுக்குக் கடைசியிலதான் வரும், ஆனா வந்துரும்."

முதலில் ஜெனிட்டா கடைவீதியைச் சரிசெய்தாள். டீக்கடையில் வடை போட்டுக்கொண்டிருந்தவருக்குத் திடீரென்று தொண்டையில் இருந்த முள் கரைந்து, தன் பெயர் இனிப்பாக நாக்கில் விழ, அவர் ஜாரணிக் கரண்டியோடு நடுத்தெருவுக்கு வந்து "நான் சுடலையாண்டி, நான் சுடலையாண்டி" என்று கத்தினார். பார்த்தவர்கள் அழுதார்கள். செண்பகவல்லி அன்றைக்கு ரொம்ப நாள் கழித்து வயிறு நிறையச் சாப்பிட்டாள்.

அங்கேதான் அவள் எங்கள் ஊர்க்காரர்கள் எல்லோரும் செய்கிற ஒரு காரியத்தைச் செய்தாள். எங்கள் ஊரில் எந்த ஆபீசிலும் எந்த வேலையும் தானாக நடக்காது, ஆளைப் பிடித்துச் சொல்லிவைக்க வேண்டும். கரண்ட் கனெக்‌ஷனுக்குச் சொல்லிவைப்போம், ஆஸ்பத்திரியில் கட்டிலுக்குச் சொல்லிவைப்போம், பிணவறையில்கூடத் தெரிந்தவர் இருந்தால் சொல்லிவைப்போம். சொல்லிவைக்காதவன் பிழைக்கத் தெரியாதவன். பிறப்பு இறப்புப் பிரிவின் எழுத்தர் செண்பகவல்லிக்கு அடுத்த தெரு, அவன் மனைவிக்கு இவள்தான் ஜாக்கெட் தைக்கிறாள், பச்சை ஹெல்மெட் போட்டுக்கொண்டு வருவதால் ஊர் அவனை அந்தப் பெயரிலேயே கூப்பிட்டது. நல்ல பையன். அதை இப்போதும் சொல்வேன், நல்ல பையன்தான்.

"தம்பி, எம் பிள்ளை பேரைக் கொஞ்சம் பாத்துக்கப்பா," என்று அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஒண்ணும் ஆயிரக் கூடாது."

"நான் இருக்கேன்ல. நீங்க கவலைய விடுங்கக்கா," என்றான் அவன்.

பெயர்கள் தெருத்தெருவாகத் திரும்பிக்கொண்டிருந்தபோது, புது இணையதளத்தைப் பாராட்ட மந்திரி வருகிறார் என்று தகவல் வந்தது. வரும்போது எல்லாப் பதிவும் சரிபார்க்கப்பட்டதாகத் திரையில் பச்சை விளக்கு எரிய வேண்டும். தலைவருக்கு ஜெனிட்டாவின் வேகம் பிடிக்கவில்லை. ஊரென்றால் ஒரு முகாம் இல்லாமலா? கல்யாண மண்டபத்தைப் பிடித்தார்கள், பந்தல் போட்டார்கள், டோக்கன் கொடுத்தார்கள், வந்தவர்களுக்கெல்லாம் வெஜிடபிள் பிரியாணி. ஒவ்வொரு பதிவையும் திறந்து, சரிபார்க்கப்பட்டது என்ற கட்டத்தில் டிக் போட்டு, சேமி என்பதை அமுக்க வேண்டியது, அவ்வளவுதான் வேலை. ஜெனிட்டாவின் கடிதம் கமிஷனர் மேசையில் பேப்பர்வெயிட்டுக்கு அடியில் இருந்தது.

விஷயம் தெரிந்து அவள் மண்டபத்துக்கு ஓடினாள். நிறுத்துங்கள் என்று கத்திக்கொண்டே மேடையில் ஏறினாள். கம்பெனியிலிருந்து வந்திருக்கிறார்கள் என்று மைக்கில் அறிவித்து, அவள் பேச வாயெடுப்பதற்குள் கழுத்தில் ஒரு சால்வையைப் போட்டு, இரண்டு பக்கமும் நின்று போட்டோ எடுத்து, சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று கையைப் பிடித்துப் பந்திக்கு அழைத்துப் போனார்கள். அவள் சொன்னது நாதஸ்வரத்தில் யாருக்கும் கேட்கவில்லை.

பதிவு சேமிக்கப்பட்ட ஒவ்வொருவருக்கும் தொண்டை சட்டென்று லேசானது. முள் இல்லை. உறுத்தல் இல்லை. முகாமுக்குப் போனால் சரியாகிவிடுகிறது என்று பேச்சு பரவ, வரிசை மண்டபத்தைத் தாண்டி, பெட்ரோல் பங்க்கைத் தாண்டி வளர்ந்தது. முள்ளோடு பெயரும் போய்விட்டது என்று யாருக்கும் தெரியவில்லை, ஏனென்றால் நெஞ்சுக்குள் இப்போது ஒன்றுமே இல்லை, இல்லாததை எப்படித் தேடுவது? பெயர் என்ற இடத்தில் கேள்விக்குறிகள் வரிசையாக நிற்க, பக்கத்தில் இருந்த காலிக் கட்டத்தில் புதுப் பெயர் போட்டுக்கொள்ளலாம் என்றார்கள். ஊருக்குக் கொண்டாட்டம். சுவரில் நல்ல நல்ல பெயராக எழுதி ஒட்டியிருந்தார்கள், தேர்ந்தெடுத்துக்கொள்ள வேண்டியதுதான். மஞ்சள் கேட், தேவேந்திரன் ஆனார். மூலை பம்பு, ஐஸ்வர்யா ஆனாள். பச்சை ஹெல்மெட், ரித்விக் ஆனான். கீழத்தெருக்காரர்கள் மறுபடியும் ராஜா பெயர்களைக் கேட்டபோது, அவையெல்லாம் காலையிலேயே தீர்ந்துவிட்டன என்று மேலத்தெரு இளைஞர்கள் பந்தல் வாசலிலேயே சொல்லி அனுப்பினார்கள்.

இது எதுவும் தெரியாமல் செண்பகவல்லி வீட்டில் ஒரு சட்டைக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தாள். சாயங்காலம், விளக்குப் போடுகிற நேரத்தில், அவள் தொண்டை லேசானது. ஊசியை அப்படியே விட்டுவிட்டு எழுந்தாள். வந்துவிட்டது, கடைசியில் வந்துவிட்டது என்று மார்பில் கைவைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள், அவசரப்பட்டுச் செலவழித்துவிடக் கூடாது என்பதுபோல. முகம் கழுவினாள். தலையைச் சரிசெய்துகொண்டாள். கதவைத் திறந்து, மூச்சை இழுத்து, வாயைத் திறந்தாள். கரகரப்புகூட வரவில்லை. மகளின் முகம் இருந்தது, மொட்டைபோட்டு முளைத்த முடி இருந்தது, காய்ச்சல் சூடு கையில் இருந்தது. பெயர் இருந்த இடத்தில் காற்று போய்வந்துகொண்டிருந்தது. அவள் வாயை மூடவில்லை. எதிர்வீட்டுக்காரி கொட்டாவி விடுகிறாள் என்று நினைத்தாளாம்.

மறுநாள் முகாம் திறக்கும்போதே அவள் அங்கே நின்றாள். ரித்விக் அவளைப் பார்த்ததும் கவுண்டரை விட்டு எழுந்து, வரிசையை விலக்கிக்கொண்டு சிரித்தபடி வந்தான்.

"அக்கா, நீங்க ஏன் வந்தீங்க? செத்தவங்களோடதை இன்னும் யாரும் தொடவே இல்ல, கேக்கறதுக்கும் ஆளு வரல. நீங்க சொல்லிவச்சிருந்தீங்கல்ல, அதனால உங்க பாப்பாவோடதை மட்டும் நேத்து சாயங்காலமே தனியா எடுத்து முடிச்சுட்டேன். வரிசையில நிக்க வேண்டாம் பாருங்க."

அவள் அவனைத் தாண்டிக் கவுண்டர் திரையை எட்டிப் பார்த்தாள்.

"புதுப் பேர் கட்டத்தை மட்டும் உங்களுக்காகக் காலியா விட்டிருக்கேன். என்ன போடட்டும்க்கா?"

"சீக்கிரம் சொல்லும்மா, வெயிலேறுது," என்றது வரிசை.

அவள் அவனை அறையவில்லை, திட்டவில்லை. திட்டியிருந்தால் எங்களுக்கு நன்றாக இருந்திருக்கும். "எனக்குத் தெரியலப்பா," என்றாள். அதையே மறுபடியும் சொன்னாள். அப்புறம் பந்தல் வழியாக வெளியே போனாள், பிரியாணிப் பொட்டலத்தை யாரோ அவள் கையில் திணித்தார்கள்.

மந்திரி வரவில்லை, வேறு ஊரில் வேறு விழா. முகாமைச் சுருட்டிவிட்டார்கள். செத்தவர்களின் பதிவைத் திறக்க நேரமே கிடைக்கவில்லை. ஜெனிட்டா அந்த மிச்சத்தின் முன்னால் உட்கார்ந்து, ஒரு தடவை மாறியதையும் இரண்டு தடவை மாறியதையும் பிரித்து, பின்னால் நடந்து நடந்து, அத்தனையும் சரிசெய்தாள். அந்த வாரம் முழுக்க எங்கள் ஊரில் செத்தவர்களின் பெயர்கள் எல்லார் வாயிலும் புரண்டன. யாரும் நினைக்காத, யாரும் திவசம் கொடுக்காத, வாரிசே இல்லாத மனிதர்களின் பெயர்கள், எண்ணெய் தேய்த்துக் குளித்து வந்ததுபோலப் பளபளவென்று வந்தன. முடிவெட்டுகிறவர் ஆவுடைத்தங்கம் என்றார், யாரென்று தெரியாது. பஸ் கண்டக்டர் டிக்கெட்டுக்குப் பதில் பிச்சைக்கனி என்றார். யாரும் சொல்லிவைக்காத பிள்ளைகள், பிறந்த அன்றே போன பிள்ளைகள், எல்லோரும் பெயரோடு திரும்பிவந்தார்கள்.

செண்பகவல்லி ஊரெல்லாம் சுற்றினாள். கடை, பஸ் நிலையம், குழாயடி என்று பேசுகிறவர்களின் பக்கத்தில் போய் நின்று, அவர்கள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏதாவது ஒரு பெயர் கேட்டால், "இன்னொரு தடவை சொல்லுங்க" என்பாள். அவர்கள் சொல்வார்கள். அவள் தலையை ஆட்டிவிட்டு அடுத்த ஆளிடம் போவாள். லாஸ்ட் பஸ் ஏறும்போது ஜெனிட்டா அவளைப் பார்த்துவிட்டு, மேடையில் போட்ட சால்வையை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டாள்.

பச்சை விளக்கு எரிவதற்கு ஒரே ஒரு கட்டம் காலியாக இருந்தது. ரித்விக் ஒரு ஞாயிற்றுக்கிழமை செண்பகவல்லி வீட்டுக்கு வந்தான். புது அட்டையை லேமினேட் செய்து, பூப்போட்ட கவருக்குள் வைத்துக் கொண்டுவந்திருந்தான்.

"நான் பாத்துட்டே இருந்தேன்க்கா, மனசு கேக்கல. பேர் இல்லாம விடலாமா? எம் மகளுக்குப் புதுசா ரிதுவர்ஷினின்னு வச்சிருக்கோம்ல, அந்தப் பேரையே உங்க பாப்பாவுக்கும் போட்டுட்டேன். யாருக்கும் இப்படிச் செய்ய மாட்டோம். என் பொண்டாட்டிகூட, நல்ல காரியம் பண்ணீங்கன்னு சொன்னா."

செண்பகவல்லி அட்டையை வாங்கிப் பார்த்தாள். பிறந்த தேதி சரியாக இருந்தது. இறந்த தேதி சரியாக இருந்தது. தாய் பெயர் சரியாக இருந்தது. அவன் நாற்காலியில் உட்கார்ந்து, உதவி செய்தவர்கள் உட்கார்ந்திருப்பார்களே, அப்படி முகத்தை வைத்துக்கொண்டு காத்திருந்தான்.

"நல்லா இருக்குப்பா," என்றாள் அவள். அடுப்பைப் பற்றவைக்க உள்ளே போனவள், கதவருகே நின்று, அட்டையைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து, அந்தப் பெயரை ஒவ்வோர் எழுத்தாகச் சொல்லிப் பார்த்தாள். தடங்கலில்லாமல் வந்தது. தெருவில் விளையாடிக்கொண்டிருந்த அவன் மகள், "என்ன அத்தை, கூப்டீங்களா?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே ஓடிவந்தாள்.